பதினேழாம் இலக்கத்தின் அடக்கம்

டொக்டர் யதுசா அவர்களுக்கு,

நான் கடிதங்களுக்கு அன்றன்றே பதில் போடுகிற ஆள். உங்கள் மின்னஞ்சல் வந்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது, மன்னிக்க வேண்டும். இரண்டு முறை எழுத உட்கார்ந்து இரண்டு முறையும் எழுந்துவிட்டேன். ஒரு தரம் ஜன்னல் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது, அதைச் சரிபண்ண எழுந்தேன். மற்றத் தரம் எதற்கு எழுந்தேன் என்று ஞாபகமில்லை. இப்போது லுஹர் தொழுதுவிட்டு வந்து, பரிசோதனைக் கூடத்தின் கதவைப் பூட்டி, கதிரையை மேசையோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். முடித்துவிட்டுத்தான் எழும்புவேன்.

நீங்கள் கேட்டது இரண்டே வரி. உங்கள் ஆராய்ச்சிக்கு நான் அளந்து அனுப்புகிற ஆட்களில் பதினேழாம் இலக்கக்காரரின் அளவுகள் ஆறு வாரமும் படிப்படியாகக் கெட்டுப்போயிருக்கின்றன. காந்தச் சுருள் தலையில் சரியாகப் பொருந்தாமல் வந்த பிழை என்றால் அவற்றை நீக்கிவிடுகிறேன், உடம்பில் கோளாறு என்றால் அவரை உடனே நல்ல நரம்பு வைத்தியரிடம் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

சுருள் சரியாகத்தான் பொருந்தியிருந்தது. பன்னிரண்டு வருடம் இந்த மாதிரிக் கருவிகளோடு புழங்கியவன், தலையில் சுருள் வைக்கத் தெரியாதவனாகப் பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை. கல்முனைக் கரண்டை நம்பியும் நான் வேலை செய்வதில்லை. கருவிக்கென்று தனி பற்றரி வைத்திருக்கிறேன், ஊரே இருண்டாலும் அதற்கு ஏற்ற இறக்கம் தெரியாது. இந்தக் கூடத்தில் எடுத்த அளவு பிழைக்காது, டொக்டர். அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வருகிற ஆட்களுக்கு நான் விளங்கப்படுத்துகிற விதத்தை நீங்கள் கேட்டதில்லை. உங்களுக்குப் பிறகு இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிக்கக்கூடும் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். தலையின் இடப்பக்கம், காதுக்குச் சற்று மேலே, எட்டு வடிவச் சுருளை வைப்பேன். பொத்தானை அழுத்தினால் டக் என்று ஒரு சத்தம். காந்தம் மண்டையோட்டைக் கடந்து மூளையைத் தட்ட, வலது கையில் பெருவிரலடித் தசை ஒரு துள்ளுத் துள்ளும். அந்தத் துள்ளலை நூறு என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது இரட்டை அடி. முதலில் கை அசையாத அளவுக்கு ஒரு சின்னத் தட்டு. கண் சிமிட்டுவதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில், பின்னாலேயே அந்தப் பழைய பெரிய அடி. அடி அதே அடிதான். ஆனால் சின்னத் தட்டு வாங்கிய மூளை தன்னைச் சற்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் கை இந்தத் தரம் நூறு துள்ளாது, நாற்பதுதான் துள்ளும். அந்த நாற்பதுதான் அளவு. எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அடக்கம்.

அடக்கம் என்ற சொல்லைப் படிவத்தில் போட்டது நீங்கள். காரைதீவில் பிறந்த உங்களுக்கு அது கட்டுப்பாடு, பணிவு. சாய்ந்தமருதில் அந்தச் சொல், இன்னாருக்கு இன்ன நேரம் அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் அதிகம் கேட்கும். கேட்டால் காது முதலில் புதைக்கிற மையவாடிப் பக்கம் திரும்பும். மூன்றாம் இலக்கக்காரர் பக்கீர் முகைதீன், ஓய்வுபெற்ற தபால்காரர், படிவத்தை மூக்குக்கு நேரே பிடித்து வாசித்துவிட்டு, "என்ன தம்பி, மூளைய மட்டும் தனியா அடக்கப் போறயளா, மத்தச் சாமானெல்லாம் எங்க?" என்று கேட்டார். அதை நான் உங்களுக்கு எழுதியதும் சிரித்துவிட்டு, வேறு சொல் போடுவோமா என்றீர்கள். வேண்டாம் என்று சொன்னவன் நான். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது.

முதலாம் இலக்கம் நானே. வெள்ளிக்கிழமைதோறும் சுருளை ஒரு தாங்கியில் பொருத்தி என்னையே அளந்து பார்த்துக்கொள்வேன், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. என் அளவு இருபத்திரண்டு. ஒரு வாரம் இருபத்தொன்று, மறுவாரம் இருபத்திரண்டு, அதற்குமேல் அசைந்ததில்லை. ஆராய்ச்சிக்கு வந்த நாற்பது பேரில் என்னைவிட அடக்கம் கூடிய ஆள் இல்லை. பாடப்புத்தகத்தில் போடவேண்டிய மூளை என்று நீங்கள் ஒரு தரம் எழுதினீர்கள். அதை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போதும் முழங்கைக்குக் கீழேதான் கிடக்கிறது.

பதினேழாம் இலக்கம் என் மச்சான் றிபாத். என் தங்கச்சி நுஸ்ஹாவின் புருஷன். முப்பத்து நாலு வயது, கணித ஆசிரியர், இறக்காமத்துப் பிள்ளை.

வாப்பாவையும் உம்மாவையும் கடல் கொண்டுபோன வருடம் நுஸ்ஹாவுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து நாலு. அவளைப் படிக்க வைத்தேன். எங்கள் வழக்கப்படி பெண்ணுக்குத்தான் வீடு, அந்த வீட்டையும் கட்டினேன். எனக்குப் பேசியிருந்த பெண் நாலு வருடம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கச்சி வீட்டின் பின்னறைதான் என் இருப்பிடம். காலிதீன் அடக்கமான மனிதன் என்று ஊர் சொல்லும். அது உண்மை, எண்ணிக்கையிலும் இருக்கிறது.

கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பு றிபாத் என்னைத் தனியே கூட்டிப்போய், தனக்குப் பதினாலு வயதிலிருந்து வலிப்பு இருந்தது என்றும், குளிசை போடத் தொடங்கி ஆறு வருடமாக ஒன்றுமில்லை என்றும் சொன்னார். நல்ல மனிதர். மறைத்துக் கலியாணம் முடிக்க அவருக்கு மனமில்லை. "புள்ளைக்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் மச்சான் முடிக்கணும்" என்றார்.

வலிப்பு என்று வெளியே வந்தால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஜின் பிடித்திருக்கிறது என்பார்கள், பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்பார்கள். அந்தப் பிள்ளையை நாளைக்கு யார் கேட்டு வருவார்கள்? நான் சொன்னேன், "அவளுக்கிட்ட ஒண்டும் சொல்லத் தேவல்ல. இது நம்ம ரெண்டு பேரோடயும் அடங்கட்டும்."

அன்றிலிருந்து எட்டு வருடம் குளிசை வாங்கிவந்தவன் நான். கல்முனையில் வாங்கினால் மறுநாள் ஊருக்கே தெரியும். மாதம் ஒரு தரம் மட்டக்களப்புக்கு பஸ் ஏறிப்போய் வாங்கி வந்து, சத்துக் குளிசை என்று எழுதியிருக்கிற ஒரு போத்தலில் நிரப்பி, அவர்கள் குசினி அலுமாரியில் வைப்பேன். நுஸ்ஹா தன் கையாலேயே இரவும் காலையும் எடுத்துக் கொடுப்பாள். என்ன குளிசை என்று அவளுக்குத் தெரியாது. என் கையில் ஒரு மனிதனின் உயிர் இருந்தது என்று இப்போது யாராவது சொல்லக்கூடும். அப்போது அப்படித் தோன்றியதில்லை. ஒரு வேலையாகத்தான் செய்தேன், ஒரு மாதமும் பிந்தவில்லை.

கொஞ்சம் பொறுங்கள். பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வருகிறேன். எழும்ப மாட்டேன் என்று சொன்னேன், தெரியும்.

றிபாத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல எனக்கில்லை. சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகக் கதைப்பார், அவ்வளவுதான். பள்ளிவாசல் வாசலில் பத்துப் பேர் அவரைச் சுற்றி நிற்பார்கள். கடலில் குளிக்க அவருக்கு ஆசை. சுனாமிக்குப் பிறகு நானும் நுஸ்ஹாவும் கடற்கரைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவளை அவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப்போனார். முதலில் வீதி வரைக்கும், பிறகு மணல் வரைக்கும். மூன்றாம் வருடம் அவள் காலை நனைத்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னாள். பாவாடை ஓரமெல்லாம் உப்பு. பதினைந்து வருடம் நான் அவளுக்குக் கொடுக்காத ஒன்றை அவர் கொடுத்துவிட்டார் என்று எனக்குப் பட்டது. சந்தோஷப்பட்டேன்.

இந்த ஹஜ் பெருநாளன்று பகல் சாப்பாட்டுக்கு வீடு நிறைய ஆட்கள். இறக்காமத்திலிருந்து அவர் வாப்பா, சாச்சாமார், எங்கள் சொந்தம். யாரோ என்னைக் காட்டி, இந்த மனிசன் இல்லாட்டி இந்த வீடு ஏது, இவ்வளவு செய்துபோட்டும் எவ்வளவு அடக்கம் என்றார்கள். றிபாத் சோற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

"ஓம், மச்சான் எப்பயோ அடக்கமாகிட்டார். நாங்கதான் இன்னும் மூணு புடி மண் போடல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பகிடிதானே, நானும் சிரித்தேன். நுஸ்ஹாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். நான் அவர் தட்டில் இன்னொரு இறைச்சித் துண்டு வைத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் என் அளவு இருபத்திரண்டுதான், உங்கள் பதிவில் பார்க்கலாம்.

அடுத்த வாரம் றிபாத்தை ஆராய்ச்சிக்குக் கேட்டேன். சந்தோஷமாக வந்தார். வலிப்பு வந்ததுண்டா என்ற கேள்வியில் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். படிவத்தில் ஓம் என்று போட்டால் அது நாலு கை மாறும், நாளைக்கு வீட்டுக்கும் வரும் என்றேன். இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டவர் அவர்தான். அது நான் சொல்லிப் போட்டது.

முதல் வாரம் முப்பத்தெட்டு. சாதாரண மனிதனின் அளவு. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த அடக்கம் இவருடையதா, இல்லை போத்தலுடையதா? எனக்கு ஒரு போத்தலும் இல்லையே. நான் என்னை நானே அடக்கிக்கொண்டு இருபது வருடம் இருக்கிறேன். இவர் என் கையால் வருகிற குளிசையைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து அடக்கத்தைப் பற்றிப் பகிடி விடுகிறார். இது ஒரு நியாயமான கேள்வி என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள். உங்கள் ஆராய்ச்சியும் இதைத்தானே கேட்கிறது.

அந்த வாரம் போத்தலில் சத்துக் குளிசையையே நிரப்பினேன். வெள்ளை, அதே பருமன். வெளியே என்ன எழுதியிருந்ததோ அதுதான் உள்ளேயும் இருந்தது. எட்டு வருடமாக அந்தப் போத்தல் சொன்ன பொய்யைத் திருத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். கொம்பனி மாறிவிட்டது என்று றிபாத்திடம் சொன்னேன், நம்பினார்.

மற்றது உங்கள் திரையில் இருக்கிறது. மூன்றாம் வாரம் அறுபதைத் தொட்டது. காலையில் கையிலிருந்து கோப்பை விழுகிறது, நித்திரை சரியில்லை என்றார். ஐந்தாம் வாரம் தொண்ணூற்றொன்று. ஆறாம் வாரம், புதன்கிழமை, நூற்றெட்டு. சின்னத் தட்டு வாங்கினால் அடங்கவேண்டிய மூளை, வாங்கியபின் முன்னைவிடக் கூடத் துள்ளியது. இவ்வளவு துப்புரவான ஒரு சரிவை நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

ஒயர்களைக் கழற்றும்போது றிபாத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பயம் வந்திருந்தது. என்னைத் தவிர யாரிடமும் கேட்க முடியாத ஒன்றைக் கேட்டார்.

"மச்சான், வெள்ளிக்கிழம கடலுக்குப் போகலாமா? ஒண்டும் ஆகாதுதானே?"

நூற்றெட்டு என்ற எண் எனக்கு முன்னால் திரையில் நின்றது. அவருக்குத் திரையின் முதுகுதான் தெரிந்தது. "போங்க," என்றேன். "நானும் வாறன்."

இருபது வருடத்துக்குப் பிறகு அன்றுதான் கடற்கரையில் கால் வைத்தேன். சுபஹு தொழுது, வெளிச்சம் வந்த பிறகு. காற்றில்லாத கடல், குளம் மாதிரிக் கிடந்தது. நுஸ்ஹா வரவில்லை, மகள் முஸ்பிறாவை என்னோடு அனுப்பியிருந்தாள். பிள்ளைக்கு ஆறு வயது. மணலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நெஞ்சளவு தண்ணீருக்குப் போய்த் திரும்பி எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார், சிரித்தார். பிறகு முகம் ஒரு பக்கம் இழுத்தது. வலது கை தண்ணீருக்கு மேலே வந்து துள்ளத் தொடங்கியது.

"மாமா, வாப்பா கை காட்டுறாரு," என்றாள் பிள்ளை.

"நீயும் காட்டு மகள்," என்றேன்.

அவள் காட்டினாள். மற்றக் கையை என் பிடியிலிருந்து இழுத்து, இரண்டு கையாலும் காட்டினாள். நீந்தத் தெரியாதவன் நான், போயிருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கே இடமில்லை. நூறு அடி தள்ளித் தோணி இழுத்துக்கொண்டிருந்த மீனவர் நாலு பேர் நின்றார்கள். ஒரு கூப்பிடு போதும். என் தொண்டை வரைக்கும் வந்தது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் பழையபடி குளம் போல ஆன பிறகுதான் கூப்பிட்டேன்.

மரண விசாரணைக்கு வந்தவர் ஏதும் நோய் வருத்தம் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். றிபாத்தின் வாப்பா என் பக்கம் பார்த்தார். அவருக்குத் தெரியும். சொன்னால், மறைத்துப் பெண் எடுத்தோம் என்று இந்த வீட்டில் நின்று சொல்லவேண்டி வரும். நான் நிலத்தைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். எனக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. கடல் எடுத்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள். அஸர் தொழுகையோடு அடக்கம் முடிந்தது. எங்கள் மார்க்கத்தில் மையித்தைக் காக்க வைப்பதில்லை, உங்களுக்குத் தெரியும். மூன்று பிடி மண் போடும்போது எனக்கு அந்தப் பகிடி ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

நுஸ்ஹா புருஷனை இழந்தவள் இருக்கிற இத்தாவில் இருக்கிறாள், நாலு மாதமும் பத்து நாளும் அறையை விட்டு வரமாட்டாள். நேற்றுக் காலை கதவுக்கு உள்ளே இருந்து, "காக்கா, அவரு கை காட்டினாராமே, புள்ள சொல்றாள்," என்றாள். ஓம் என்றேன். "சிரிச்சிட்டா போனாரு?" என்று கேட்டாள். அதற்கும் ஓம் என்றேன். அவள் அழுதது எனக்கு நன்றாகக் கேட்டது. பிள்ளை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம், வாப்பா இப்படித்தான் காட்டினார் என்று கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அப்படியே, அதே துள்ளல். அதைப் பார்க்க முடியாமல்தான் இப்போதெல்லாம் கூடத்திலேயே இருந்துவிடுகிறேன். கதவைப் பூட்டினேனா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்தேன். மேசையும் ஆடுகிறது, எழுத்துப் பிழைகளை மன்னிக்கவும்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இது. பதினேழாம் இலக்கக்காரரை வைத்தியரிடம் அனுப்ப வழியில்லை. அவர் சாய்ந்தமருது மையவாடியில் இருக்கிறார், அனுப்பியவன் நான். நீங்கள் பொலிசுக்குச் சொல்வீர்கள், சொல்லத்தான் வேண்டும். எனக்கு உங்கள் மேல் வருத்தமில்லை, யார் மேலும் கோபமில்லை. அவர் மேலும் ஒருநாளும் இருந்ததில்லை. கோபத்தில் செய்கிறவன் ஆறு வாரம் பொறுப்பானா? நீங்கள் அந்த ஆறு அளவையும் பிழை என்று நீக்கிவிடுவீர்களோ என்றுதான் எழுதவே உட்கார்ந்தேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொன்றும் உண்மையான அளவு.

ஒன்றே ஒன்றைத்தான் நீக்கச் சொல்லிக் கேட்கிறேன். அதே வெள்ளிக்கிழமை, அடக்கம் முடிந்து கைகால் கழுவிவிட்டு, வழமைபோல வந்து என்னை அளந்தேன். முதலாம் இலக்கம், மாலை ஐந்து மணி, நூற்று முப்பத்தொன்று. மூன்று தரம் எடுத்தேன், மூன்று தரமும் அதுதான். அது என்னுடைய அளவு இல்லை, டொக்டர். அன்று கரண்டில் ஏதோ கோளாறு.

இப்படிக்கு,
ப. காலிதீன்